தண்டம் யார்மேல் விழுகின்றது?

உலகில் நிகழும் தீச்செயல்களை நோக்குவார் இருதிறத்தர். ஒருதிறத்தார், "இவன் ஏன் இத்துணைக் கொடியவனாயினான்?" என்று வினவுவர். மற்றொரு திறத்தார், "இச்செயலால் இவன் பெறுவது யாது? இழப்பது யாது?" என்று வினவுவர். முன்னையது அறநூலார் வினா. பின்னையது பொருளியலார் வினா. வகுப்பறையில் அறநூல் கற்பித்து வாழும் தமிழாசிரியராகிய நாம் முன்னைய வினாவுக்கே பழகியவர்கள். பின்னையது வணிகனுக்கும் கணக்கப்பிள்ளைக்கும் உரியதென்று ஒதுக்குவது நம்மிடையே வழக்கமாகவும் இருந்துவருகின்றது. ஆயின், நாளிதழைக் கையில் எடுத்தால் அன்றாடம் கண்ணிற்படும் செய்திகளுட் பல, இரண்டாம் வினாவை எழுப்பாமல் விளங்குவன அல்ல. வெடிவைத்து மீன் பிடித்தோர் கைது, மணல் ஏற்றிய உழவு இயந்திரம் பறிமுதல், கூடிய விலைக்கு அரிசி விற்ற கடைக்காரருக்குத் தண்டம், தேர்தல் மேடையிற் புதிய வாக்குறுதி என்று வரும் இச்செய்திகள் வேறு வேறானவை போலத் தோன்றினும், இவற்றுள் ஓடும் இழை ஒன்றே என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறை என்னும் சொல் தோணி வந்து அணையும் இடத்தையும் குறிக்கும். கல்வியின் ஒரு கூற்றையும் குறிக்கும். யான் இதனை எழுதுவது இலங்கைத்துறையிலிருந்து. திருகோணமலை மாவட்டத்தின் தென்பாகத்தில், வெருகலாற்றுக்கு வடக்கே, களப்பு கடலொடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்த ஊர் இது. மீனும் நெல்லும் நம்பி வாழும் கரை. 2004இன் ஆழிப்பேரலையையும் 2006இல் மீண்டும் மூண்ட போரையும் கண்ட கரை. இத்துறையில் நின்றுகொண்டு பொருளியலென்னும் அத்துறையை நோக்கினால், நூல்களிற் படிப்பவை கண்முன்னே நிகழக் காணலாம்.

கணக்கிட்டுச் செய்யும் குற்றம்

1960களில் நியூயோர்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கேரி பெக்கர் என்னும் பொருளியற் பேராசிரியர் இருந்தார். ஒருநாள் மாணவர் ஒருவரின் வாய்மொழித் தேர்வுக்குச் செல்லவேண்டியவர், நேரம் பிந்திவிட்டார். காரைக் கட்டணத் தரிப்பிடத்தில் விட்டுச்செல்வதா, விதியை மீறித் தெருவோரத்தில் விடுவதா என விரைந்து முடிவுசெய்ய வேண்டியதாயிற்று. அகப்படும் வாய்ப்பு எவ்வளவு, அகப்பட்டாற் கட்டும் தண்டம் எவ்வளவு, தரிப்பிடக் கட்டணம் எவ்வளவு என எண்ணிப்பார்த்துத் தெருவோரத்திலேயே விட்டுவிட்டார். தேர்வு நடக்கும் இடத்தை நோக்கி நடக்கையில், தம்மைப் போலவே நகர ஆட்சியினரும் மறுபக்கத்திலிருந்து ஒரு கணக்குப் போட்டிருப்பரே என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியதாம். இதனை அவரே தமது நோபல் பரிசு உரையிற் கூறியுள்ளார்.

அவ்வெண்ணத்தின் விளைவாகக் குற்றமும் தண்டனையும் பற்றி அவர் 1968இல் வெளியிட்ட ஆய்வு, புதியதொரு கல்வித்துறைக்கே கால்கோளாயிற்று. 1992இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, மனித நடத்தையின் பல பகுதிகளுக்குப் பொருளியலாய்வை விரித்தமையே காரணமாகக் கூறப்பட்டது. அவர் கொள்கையின் சாரம் எளியது. குற்றஞ் செய்வோன் பெரும்பாலும் பித்தனும் அல்லன், பிறவிக் கொடியவனும் அல்லன். மற்றையோரைப் போல வரவும் செலவும் எண்ணுபவன். அவன் எண்ணும் செலவு இரண்டு கூறுகளால் ஆயது. அகப்படும் வாய்ப்பு ஒன்று. அகப்பட்டால் வரும் தண்டனை மற்றொன்று. இரண்டையும் பெருக்கி வருவதே அவன் மனத்தில் நிற்கும் தொகை.

இதனை நம் கடலில் வைத்துப் பார்ப்போம். வெடிபொருள் கொண்டு மீன் பிடித்தலை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல்வளச் சட்டம் தடை செய்கின்றது. ஆயினும், திருகோணமலைக் கடலில் இத்தொழில் செய்தோர் பிடிபட்ட செய்தி ஓயாமல் வந்துகொண்டேயிருக்கின்றது. கல்லுடைக்கும் இடங்களுக்கு உரிய வெடிபொருள் களவாகக் கடலுக்கு வந்து சேர்கின்றது. ஒரு வெடியில் மீன்கூட்டம் முழுதும் செத்து மிதக்கும், குஞ்சும் சாகும், பவளப்பாறையும் நொறுங்கும். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டதற்குக் காரணம் அதனைச் சூழ்ந்த பவளப்பாறைகளே. நூற்றாண்டுகளாக வளர்ந்த பாறையை நொடிப்பொழுதில் அழிப்பவன், அன்றைய மீனின் விலையைத் தான் எடுத்துக்கொள்கிறான். பாறையின் இழப்பையோ கரையிலுள்ள அனைவருக்கும் பகிர்ந்து கொடுக்கிறான். வரவு அவனுக்கு, செலவு ஊருக்கு என்பதே இங்குள்ள கணக்கு.

மாணவர் விளங்கும்பொருட்டு ஒரு கற்பனைக் கணக்கு வைத்துக்கொள்வோம். வெடியடிப்பவனுக்கு ஓர் இரவில் 50,000 ரூபா கிடைக்கின்றது என்க. நூறு முறை சென்றால் ஒருமுறை அகப்படுவான். அகப்பட்டால் 2 இலட்சம் ரூபா தண்டம். ஆகவே ஒவ்வோர் இரவும் அவன் எண்ணவேண்டிய செலவு 2,000 ரூபாவே. ஐம்பதினாயிரத்துக்கு இரண்டாயிரம் கழித்தால் எஞ்சுவது இலாபம். இனி, பொதுமக்கள் வெகுண்டெழுந்து தண்டத்தை 10 இலட்சமாக உயர்த்தச் செய்தனர் என்க. செலவு 10,000 ஆகும். அப்பொழுதும் தொழில் இலாபமே. மாறாக, தண்டம் பழைய 2 இலட்சமாகவே நிற்க, மூன்று முறை சென்றால் ஒருமுறை அகப்படுவான் என்னும் நிலை ஏற்பட்டால், அவன் எண்ணவேண்டிய செலவு 66,000 ரூபாவைத் தாண்டும். அன்றே அவன் வெடியை எறிந்துவிட்டு வலையை எடுப்பான்.

தண்டனையின் கடுமையினும் அதன் உறுதிப்பாடே வலிது என்னும் இவ்வுண்மை நமக்குப் புதியதன்று. திருக்குறளில் "வெருவந்த செய்யாமை" என்னும் அதிகாரம், அரசன் கோலைக் கடுமையாக ஓங்கி, விழவிடும்போது மென்மை காட்டவேண்டும் என்னும் கருத்தை உடையது. ஓங்கிய கோல் எப்போதும் தெரியவேண்டும். விழும் அடி அளவோடு இருக்கவேண்டும். நம் காலத்து ஆட்சியோ இதனைத் தலைகீழாக்கிக்கொண்டது. கோல் ஓங்குவது எப்போதாவது ஒருநாள். விழுந்தால் மண்டை பிளக்க விழுகின்றது. 1976இன் பின் தூக்குத்தண்டனை நிறைவேற்றப்படாத இந்நாட்டில், போதைப்பொருட் குற்றத்துக்காக நால்வரைத் தூக்கிலிட 2019இல் அன்றைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன ஆணையிட்டார்; உயர்நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. 2023 டிசம்பரில் "யுக்திய" என்னும் பெயரால் நாடெங்கும் தேடுதல் நடந்து, சில கிழமைகளுள் ஆயிரக்கணக்கானோர் கைதாயினர். சிறைகள் கொள்ளளவு மிஞ்சி நிரம்பின. அகப்பட்டோர் பெரும்பாலும் ஏழைகளும் சிறு அளவில் வைத்திருந்தோருமே என்று மனித உரிமை அமைப்புகள் கண்டித்தன.

கடுந்தண்டனைக்கு இன்னொரு கேடும் உண்டு. பெக்கரும் அவர் நண்பர் ஜோர்ஜ் ஸ்டிக்லரும் 1974இற் சேர்ந்தெழுதிய ஆய்வொன்று, சட்டத்தைக் காப்பவரே அதனை விற்கும் நிலையைப் பற்றியது. தண்டம் 2 இலட்சமாயின், அகப்பட்டவன் அதிகாரியின் வாயை மூடக் கொடுக்க இசையும் உச்சத்தொகை 2 இலட்சம். தண்டம் 10 இலட்சமாயின் அதுவும் 10 இலட்சமாக ஏறும். தண்டத்தை உயர்த்தினோம் என்று நாம் மகிழ்ந்திருக்க, உண்மையில் உயர்ந்தது இலஞ்சத்தின் விலையே.

பிடிப்பதற்கு மலிவானவன்

அரசுக்கும் ஒரு கணக்கு உண்டு. குற்றத்தைக் கண்டுபிடித்தல் செலவு மிக்கது. கடலில் இரவெல்லாம் படகோட்டவேண்டும், எண்ணெய் வேண்டும், ஆள் வேண்டும். ஆகவே காவற்றுறையும் மற்றைத் திணைக்களங்களும், தாம் அறிந்தோ அறியாமலோ, குறைந்த செலவிற் பிடிக்கக்கூடியவனையே பிடிக்கின்றன. இதுவே இக்கட்டுரையின் நடுக்கருத்து.

மணலை எடுத்துக்கொள்வோம். மகாவலியின் கிளையாகிய வெருகலாறும், கிண்ணியாப் பகுதியில் அதன் மற்றைக் கிளைகளும் மணல் வளம் மிக்கவை. போருக்குப் பின் கட்டடவேலை பெருகவே மணலின் விலையும் ஏறிற்று. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கக் கனிப்பொருட் சட்டத்தின்படி மணல் அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதிப்பத்திரம் அரிதாயின் அதற்கொரு விலை பிறக்கும். அவ்விலையைச் செலுத்த வல்லவன் பணக்காரனே. ஏனையோர் இரவில் அகழ்வர். ஆற்றங்கரையிற் பிடிபடுபவன் யார்? உழவு இயந்திரம் ஓட்டும் கூலியாள். மண்வெட்டி பிடித்த இளைஞன். இயந்திரத்தின் சொந்தக்காரனும் மணலை வாங்கிக் கட்டடம் எழுப்புபவனும் ஆற்றங்கரைக்கு வருவதில்லை.

2019 ஜனவரி இறுதியில் கிண்ணியாவில், மணல் அகழ்வைத் தடுக்கக் கடற்படையினர் சென்றபோது, அஞ்சிய இளைஞர் ஆற்றிற் குதித்தனர், உயிரிழப்பு நேர்ந்தது. ஊர் கொதித்தது, கடற்படையினரும் காயமுற்றனர். ஒரு கூலியாளுக்கு அவ்விரவு கிடைத்திருக்கக்கூடிய சம்பளத்தையும் அவன் கொடுத்த விலையையும் ஒரு தராசில் வைத்துப் பார்க்க எவர்க்கும் மனம் வாராது. அதே ஆண்டு டிசம்பரில், அமைச்சரவை மணல் ஏற்றிச் செல்வதற்கான அனுமதிப்பத்திர முறையையே நீக்கத் தீர்மானித்தது. ஜனவரியில் உயிரைப் பறித்த சட்டம் டிசம்பரிற் பாதி அவிழ்க்கப்பட்டது. கடுமைக்கும் கைவிடுதலுக்கும் இடையே ஊசலாடும் ஆட்சியில், உறுதி என்பது எவ்விடத்தும் இல்லை.

அகப்படும் வாய்ப்பை உயர்த்தவேண்டுமாயின் இன்னும் படகும் துவக்கும் வேண்டும் என்பர் சிலர். அதனினும் மலிவான வழி ஒன்று உண்டு. கடலில் வெடிச்சத்தம் கேட்டால், யார் படகு அது என்பது கரையிலிருப்பவர்க்குத் தெரியும். குற்றத்தை அறிந்தவர் ஊரிலேயே இருக்கின்றனர். அவர்கள் சொல்லாதிருப்பது ஏன்? சொல்வதற்கும் ஒரு விலை உண்டு. ஒருநாட் கூலியை இழந்து பொலிஸ் நிலையத்துக்குப் போகவேண்டும். அங்கே முறைப்பாட்டைத் தாய்மொழியில் எழுதுவார் இல்லையெனின், தனக்கு விளங்காத மொழியில் எழுதியதன்கீழ்க் கையொப்பமிடவேண்டும். திரும்பி வந்தபின் முதலாளியின் பகையைத் தாங்கவேண்டும். பின்னர் வழக்குத் தவணைதோறும் நீதிமன்றம் ஏறவேண்டும். இத்தனை செலவையும் சாட்சி ஒருவன் தலையிற் சுமத்திவிட்டு, "மக்கள் ஒத்துழைப்பதில்லை" என்று கூறுவது பொருந்தாது. தமிழும் அரசகரும மொழியென்று 1987இல் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்டது. அதனை ஒவ்வொரு பொலிஸ் நிலையத்து மேசையிலும் நடைமுறையாக்குவது மொழியுரிமை மட்டுமன்று. குற்றந்தடுக்கும் மலிவான உபாயமுமாகும்.

விலை உண்டாக்கும் குற்றம்

சில குற்றங்களைச் சட்டமே விளைக்கின்றது. இதற்கு நம் மீனவர் அனுபவித்த மண்ணெண்ணெய்க் கதையினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2022 ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடன் செலுத்துதலை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. எரிபொருள் வாங்க டொலர் இல்லை. 99 எண்ணெய்க் குதங்கள் காட்டிடையே வரிசையாய் நிற்கும் இத்திருகோணமலையிலேயே மக்கள் போத்தலும் கலனும் ஏந்தி இரவு பகலாய் வரிசையில் நின்றனர். அப்பொழுது டீசலின் விலை ஒரு லீற்றர் 400 ரூபாவைத் தாண்டியிருக்க, மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவாகவே வைக்கப்பட்டிருந்தது. ஏழை மீனவனுக்கும் விளக்கெரிக்கும் வீட்டுக்கும் உதவி என்பது அதன் கருத்து. நடந்தது வேறு. ஒரு லீற்றரில் முந்நூறு ரூபாவுக்கு மேல் வேறுபாடு இருக்குமாயின், அவ்வெண்ணெய் மலிவான இடத்தில் தங்குமா? ஊர்திகளிற் கலப்பதற்கும் ஆலைகளுக்கும் அது மறைவாகச் சென்றது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறுபடகுக்காரன் கரையிலேயே இருந்தான். 87 ரூபா என்பது பலகையில் எழுதிய விலை. அவனுக்குக் கிட்டிய விலை கறுப்புச்சந்தை விலையே.

2022 ஆகஸ்டில் அவ்விலை ஒரேயடியாக 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வேறுபாடு சுருங்கவே, களவாய்ச் செல்வதற்கான தூண்டுதலும் சுருங்கிற்று. எண்ணெய் வந்தது; ஆனால் அதை வாங்க மீனவன் கையிற் பணம் இல்லை. பொருளியலார் இவ்விடத்திற் கூறும் பாடம் இதுவே: பொருளின் விலையை எல்லோர்க்கும் தாழ்த்துவதினும், உதவி வேண்டியவன் கையில் நேரே உதவியைக் கொடுப்பது மேல். தாழ்ந்த விலை, ஏழைக்கென்று திறந்துவைத்த கதவின்வழி வல்லவனை முதலில் உள்ளே விடும். உதவியின்றி விலையை மட்டும் உயர்த்துவதோ ஏழையின் முகத்திற் கதவை அடைப்பதாகும். அரசு முதலில் முன்னைய பிழையைச் செய்தது. பின்னர் மற்றையதைச் செய்தது.

அதே ஆண்டில் ஒவ்வோர் ஊர்திக்கும் கிழமைப் பங்கு வகுத்து வந்த கியூஆர் முறை, நெடுவரிசைகளைக் குறைத்தது. ஒருவனே பலமுறை வரிசையில் நின்று வாங்கிக் கூடிய விலைக்கு விற்கும் வாய்ப்பு அடைபட்டமையே காரணம். பழைய கூப்பன் புத்தகத்தை அறிந்த முதியோர்க்கு இதன் தத்துவம் புதியதாய்த் தோன்றியிராது. மக்கள் குணம் ஒரு கிழமையில் மாறிவிடவில்லை. ஏற்பாடு மாறிற்று, நடத்தையும் மாறிற்று.

போட்டியும் பெட்டிக்கடையும்

வணிகத்திலும் இதே நிலை. கடைக்காரன் பேராசைக்காரன் என்று கூறுதல் எளிது. ஆயின் அடுத்த கடையிற் குறைந்த விலைக்குப் பொருள் கிடைக்குமாயின், பேராசைக்காரனும் விலையைத் தாழ்த்தியே ஆகவேண்டும். ஆதலின் விலையைக் கட்டுப்படுத்துவது வணிகனின் நற்குணமன்று. வாங்குவோன் விலகிச் செல்ல இன்னொரு கதவு இருப்பதே.

சில தொழில்களில் அவ்வாறான கதவுகள் இயல்பாகவே சிலவாகும். சீனக்குடாவிலுள்ள பிரிமா கோதுமை ஆலை இதற்குக் கண்கண்ட எடுத்துக்காட்டு. 1977இல் அரசுடன் செய்த உடன்படிக்கையின் வழி எழுந்தது அது. பெருங்கப்பல் வந்தணையும் ஆழ்துறையும், மலைபோன்ற களஞ்சியமும், பெருமுதலும் வேண்டும் இத்தொழிலிற் பெட்டிக்கடைகள் போலப் பல ஆலைகள் தோன்றுதல் இயலாது. 2008இற் கொழும்பில் செரண்டிப் ஆலை வந்தமை அதற்கொரு போட்டியை உண்டாக்கிற்று. இவ்வாலைகளைக் குறைகூறுவது என் கருத்தன்று. விற்போர் சிலராயிருக்கும் சந்தைக்குத் தனியாகக் காவல் வேண்டும் என்பதே கருத்து.

அக்காவல் நம் நாட்டில் எவ்வாறிருக்கின்றது? 1987ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தால் நியாய வணிக ஆணைக்குழு அமைந்தது. தனியுரிமைகளையும் நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைவதையும் ஆராயும் அதிகாரம் அதற்கு இருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை நிறுவி, அவ்வாணைக்குழுவை முடித்தது. நிறுவன இணைப்பைத் தடுக்கும் அதிகாரம் புதிய சபைக்குக் கொடுக்கப்படவில்லை. ஆகவே சபையின் அதிகாரிகள் செல்வது எங்கே? சந்தைக்கும் சில்லறைக் கடைக்கும். 2021 செப்டெம்பரில் அரிசிக்கு உச்சவிலை விதிக்கப்பட்டது; மாதம் முடியுமுன்னரே அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. நெல்லைக் களஞ்சியத்திற் பூட்டிவைத்துக் காத்திருக்க வல்ல பேராலைக்கு அவ்விடைக்காலம் ஒரு பொருட்டன்று. அறுவடையன்றே கடனுக்காக நெல்லை விற்ற கமக்காரனுக்கும், கூடிய விலைக்கு வாங்கிய அரிசியைக் குறைந்த விலைக்கு விற்கக் கட்டளை பெற்ற பெட்டிக்கடைக்காரனுக்குமே அது தண்டமாயிற்று. ஆற்றங்கரையில் உழவு இயந்திரச் சாரதி, சந்தையிற் பெட்டிக்கடைக்காரன். இருவரும் பிடிப்பதற்கு மலிவானவர்.

வாக்கும் வரவும்

இந்நிலையை மாற்றவேண்டியவர் அரசியலார் அன்றோ எனின், அவர்க்கும் கணக்கு உண்டு. அந்தனி டவுன்ஸ் 1957இல் எழுதிய நூல், கட்சிகள் வாக்குத் தேடுவதை வணிகர் இலாபந் தேடுவதோடு ஒப்பிட்டு ஆராய்ந்தது. வாக்காளன் ஒருவன் எல்லாச் சட்டங்களையும் கற்றறிவதற்கு ஆகும் முயற்சி பெரிது. அவனது ஒரு வாக்காற் பயன் சிறிது. ஆகவே அறியாதிருத்தல் அவனளவில் நியாயமான முடிவாகிவிடுகின்றது. மன்கூர் ஒல்சன் 1965இல் இன்னொன்றை விளக்கினார். பயன் சிலர்க்குப் பெரிதாயும், இழப்புப் பலர்க்குச் சிறிதாயும் பரந்திருக்குமாயின், சிலரே ஒன்றுகூடி வெல்வர், பலர் கூடார். அரிசி விலையில் ஒரு ரூபா ஏறினால் நாம் ஒவ்வொருவரும் இழப்பது சொற்பம். அதற்காக எவரும் கொழும்புக்குப் பஸ் ஏறமாட்டோம். அந்த ஒரு ரூபாவால் இலட்சக்கணக்கிற் பெறுபவனுக்கோ அமைச்சரின் வாயிலுக்குச் செல்லும் செலவு அற்பம்.

பலரும் ஒருங்கே உணரும் பொருள் வந்தால் நிலை மாறும். 1953இற் பங்கீட்டரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியபோது, ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் எழுந்தது. அவ்வாண்டு முடியுமுன் பிரதமர் டட்லி சேனாநாயக்கா பதவி துறந்தார். அதன்பின் அரிசி தேர்தற் சந்தையின் நாணயமாயிற்று. 1970இல் இரண்டு கொத்து அரிசி தருவோம் என்று வாக்களித்தோர் பெருவெற்றி பெற்றனர். 2019 தேர்தலில் வரிக்குறைப்பு வாக்களிக்கப்பட்டு, டிசம்பரிற் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. நாடு கடன் முறிவுக்கு ஆளான காரணங்களுள் அதுவும் ஒன்றென எண்ணப்படுகின்றது. வாக்குறுதியின் இன்பம் உடனே வருவது. அதன் விலை பின்னர் வருவது. விலை வரும்போது வாக்களித்தவர் பதவியில் இருக்கமாட்டார். இங்கும் தண்டம் விழுவது முடிவுசெய்தவன்மேல் அன்று. கலனேந்தி வரிசையில் நின்றவன்மேலேயாம்.

கரைவலைத் தொழிலறிந்தோர்க்குத் தென்னிலங்கைச் செய்தி ஒன்று பயன்படும். மாவெல்ல என்னும் ஊர்க் கடற்கரையில் மீனவர் தமக்குள் முறை வகுத்து வலை வளைத்துவந்தனர். மானிடவியலார் போல் அலெக்சாந்தர் அதனை ஆராய்ந்தார். பின்னர் 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம் 1990இல் எழுதிய நூலில் அதனை எடுத்துக்காட்டினார். முறை நன்றாகவே நடந்தது. ஆயின் வலைகளின் தொகைக்கு இருந்த வரம்பு காக்கப்படவில்லை. செல்வாக்குடையோர் அரசியல்வழித் தலையிட்டனர். வலைகள் பெருகின, ஒவ்வொரு வலைக்கும் கிடைக்கும் முறை அரிதாயிற்று, வருவாய் தேய்ந்தது. மீனவர் அறிவிலிகள் என்பதாலன்று, தாம் வகுத்த வரம்பைக் காக்கும் அதிகாரம் தம் கையில் இல்லாமையாலேயே அவர்கள் தோற்றனர்.

கணக்கின் எல்லை

இத்துணைப் பயனுடைய கணக்குக்கும் எல்லை உண்டு. இஸ்ரவேலின் ஹைபா நகரிற் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வு 2000இல் வெளிவந்தது. மாலையிற் பிள்ளைகளை அழைத்துச்செல்லப் பெற்றோர் சிலர் பிந்திவந்தனர். பிந்தினால் தண்டம் என விதித்துப் பார்த்தனர். பிந்துவோர் தொகை குறையவில்லை, கூடிற்று. முன்பு ஆசிரியையைக் காக்கவைக்கிறோமே என்று நாணியவர், இப்பொழுது காசு கொடுத்துக் காலம் வாங்குவதாக எண்ணினர். தண்டத்தை நீக்கியபின்பும் பழைய நாணம் திரும்பவில்லை. தண்டம் என்னும் நம் சொல் கோலையும் குறிக்கும், அபராதப் பணத்தையும் குறிக்கும். கோலாக இருந்தது வெறும் பணமாகத் தேயுமிடத்து, குற்றம் குற்றமாகத் தோன்றாது, கடைச்சரக்காகத் தோன்றும்.

ஆகவே, அறநூலார் வினாவை விட்டுவிடுக என்று யான் கூறேன். எது குற்றம், எது இழப்பு, யாருடைய கண்ணீர் கணக்கிற் சேரவேண்டும் என்பவற்றைக் கூறுவது அறம். அக்குற்றம் எவ்வழியில் விளைகின்றது, எவ்வழியில் நிற்கும் என்பதைக் காட்டுவது பொருள். நம் முன்னோர் அறத்தையும் பொருளையும் ஒரே நூலின் அடுத்தடுத்த பால்களாக வைத்தமை தற்செயலன்று. அறம் மட்டும் பேசினால் கூலியாளைக் கொடியவனென்று ஏசி முடிப்போம். பொருள் மட்டும் பேசினால் எல்லாவற்றுக்கும் விலையெழுதி விற்றுவிடுவோம்.

ஆசிரிய அன்பர்கள் தம் மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுக்கலாம். நாளிதழிற் குற்றச்செய்தி ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். இதனால் பெற்றவர் யார்? இழந்தவர் யார்? முடிவுசெய்தவர் யார்? பிடிபட்டவர் யார்? என்னும் நான்கு வினாக்களையும் அதன்மேல் எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் வினாவுக்கும் நான்காம் வினாவுக்கும் விடை ஒரே பெயராக வரும் செய்திகள் எத்தனை என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். அவை அரியவாயின், புதிய சட்டமும் கடுந்தண்டமும் கேட்குமுன் நாம் கேட்கவேண்டியவை வேறு. கூலியாளை விட்டு உடைமையாளனைத் தொடும் உரிமப் பதிவு வேண்டும். முறைப்பாட்டைத் தாய்மொழியில் எழுதும் அலுவலர் வேண்டும். பேராலைகளின் களஞ்சியத்தை எட்டிப் பார்க்கும் அதிகாரம் வேண்டும். தம் கரையின் வரம்பைத் தாமே காக்கும் உரிமை மீனவர் சங்கங்களுக்கு வேண்டும். இவை மேடையில் முழங்குதற்கு ஏற்றவை அல்ல. ஆயினும், ஆற்றிற் குதிக்க நேரும் அடுத்த இளைஞனைக் காக்க வல்லவை இவையே என்பது என் துணிபு.